மேனேஜரம்மா புட்டி குடிக்க மறுத்த வாரங்கள்

மே 19, திங்கள்

இன்றும் புட்டி தோற்றது, மேனேஜரம்மா ஜெயித்தாள். எங்கள் மகளுக்கு ஐந்து மாதம்தான். ஆனால் அவள் எங்களை மேலும் கீழும் பார்க்கிற பார்வைக்கு வேறு பெயர் பொருந்தாது என்று அவள் அப்பா வைத்த பெயர் அது.

பள்ளிக்கூடம் திறந்து நான் பாடம் நடத்தப் போக இரண்டே வாரம். நான் பிழிந்து எடுத்துவைத்துவிட்டுப் போகும் தாய்ப்பாலை அதற்குள் இவள் புட்டியில் குடித்துப் பழக வேண்டும். பகலில் அவர் பார்த்துக்கொள்வார், வேலையை மாலை ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டுவிட்டார். லிஃப்ட் மெக்கானிக். எந்த லிஃப்டும் அவர் கை பட்டால் கதவைத் திறந்துவிடும். மகள் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறாள்.

மே 21, புதன்

கீழ்வீட்டிலிருந்து நாத்தனார், தையல் மெஷினைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, புது நிப்பிளோடு ஏறி வந்தார். அதே நேரம் இவள் அப்பா பாலை இன்னும் கொஞ்சம் சூடாக்கினார். நான் நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்தினேன். மேனேஜரம்மா இரண்டு வாய் உறிஞ்சினாள்!

"பாத்தியா, நான் வாங்கின நிப்பிள்!"

"அக்கா, அது சூடு. சூடுதான்."

"ரெண்டும் இல்ல, நாற்காலி" — இப்படிக் கத்தியது நான். வருஷா வருஷம் எட்டாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் தொண்டை கிழியச் சொல்பவள்: ஒரு சோதனையில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும், இல்லாவிட்டால் எது வேலை செய்தது என்று கடவுளுக்கும் தெரியாது.

அந்த இரண்டு வாயையும் அவள் அப்பா சட்டையில் கக்கினாள். வழக்கு தள்ளுபடி.

மே 23, வெள்ளி

வீட்டில் சட்டம் போட்டாயிற்று. அதே நேரம், அதே நாற்காலி, அதே பால், அதே அப்பா. நாளுக்கு ஒரு மாறி, ஒரே ஒரு விஷயம்தான், மாறும். நான் பக்கத்தில் நின்று கவனிப்பேன்.

"சரிங்க டீச்சர்" என்று கையைக் கட்டி நின்றார். கொழுப்பு.

இன்று மாறியது நிப்பிள். பலன் இல்லை.

மே 24, சனி

சூடு. பலன் இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மே 26, திங்கள்

இன்றைய மாறி, வாசனை. என் பழைய நைட்டியை அவர் தோளில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். துணி கொடுக்க வந்த நாத்தனார் வாசலிலேயே நின்றுவிட்டார். "டேய், இந்தக் கோலத்தப் பாத்தா பசிக்கிற பிள்ளைக்கும் பசி போயிடும்டா."

போயிற்று.

மே 28, புதன்

தலைமையாசிரியை போன். "திங்கக்கிழமை வர்றீங்களா, இல்லையா? இன்னிக்கே சொல்லிடுங்க. இல்லன்னா வேற ஆளப் போட்டுக்கறேன்." வர்றேன்னு சொல்லிட்டேன். எந்த தைரியத்துல சொன்னேன்? பிள்ளை பட்டினி கிடந்தா? ஒவ்வொண்ணா எல்லாத்தையும் மாத்திப் பாத்தாச்சு. இன்னும் மாத்த என்னதான் இருக்கு — அப்பாவையா?

மே 29, வியாழன்

புட்டியோடு அவர் உட்கார்ந்ததுமே மழை பிடித்துக்கொண்டது. துணி எடுக்க மாடிக்கு ஓடினேன். கொடி முழுக்கக் குழந்தைத் துணி, சின்னச் சின்னதாக, எடுக்க எடுக்கத் தீரவில்லை. இறங்கி வந்தால் புட்டி காலி.

அவர் திருடன்போல விழித்தார். "நான் ஒண்ணும் பண்ணல. சும்மா பாடிட்டிருந்தேன்." என்ன பாட்டு? "கதவு மூடப்படுகிறது, முதல் தளம்." லிஃப்டில் வருமே, அந்தக் குரலில்.

பாட்டு என்று அவர். மழைச் சத்தம் என்று நாத்தனார். நான் துணியை உள்ளே காயப்போட்டுக்கொண்டே எண்ணிப்பார்த்தேன். மூன்றாவதாக வேறொன்றும் மாறியிருந்தது.

மே 30, வெள்ளி

மழை இல்லை. காலையில் நான் பக்கத்தில் நின்றேன், அவர் பாடினார். மகள் புட்டியைப் பார்க்கவே இல்லை, என்னையே பார்த்தாள். நீ இருக்கும்போது இது எதற்கு என்பதுபோல.

மத்தியானம் பாட்டு கிடையாது என்று சொல்லிவிட்டு, தெருமுனை மருந்துக்கடை வரை போய் வந்தேன். எதுவும் வாங்குவதற்காக இல்லை. கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார்.

புட்டி காலி.

மே 31, சனி

ஒரு தடவை என்றால் தற்செயலாக இருக்கலாம். இன்னும் இரண்டு தடவை செய்தோம். நான் இருந்தால் குடிப்பதில்லை, போனால் குடிக்கிறாள். பாட்டு, மழை, நைட்டி எதற்கும் சம்பந்தமில்லை. எல்லாவற்றையும் மாற்றினேன், அங்கே நின்றுகொண்டிருந்த என்னைத் தவிர.

சந்தோஷப்பட வேண்டிய விடைதான். பிறகு ஏன் சமையலறையில் போய் நின்றேன்? வேறு எதுவாவது காரணமாக இருக்கட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டுதானே மருந்துக்கடை வரை நடந்தேன்? நிப்பிளாக இருந்தால் கடையில் மாற்றிக்கொள்ளலாம்.

அவர் வந்து பார்த்தார். கிண்டல் செய்யவில்லை. "நீ இல்லன்னாத்தான் அவளுக்குப் புட்டி வேணும்" என்றார். "நீ வேணாம்னு அதுக்கு அர்த்தம் இல்லம்மா."

டீச்சர் நானா அவரா?

ஜூன் 2, திங்கள்

எட்டாம் வகுப்பில் முதல் பாடமே மாறிகள். நன்றாகத்தான் நடத்தினேன். இடைவேளையில் போன் செய்தேன். குடித்துவிட்டுத் தூங்குகிறாளாம். கணக்கு டீச்சர் கேட்டார், "என்ன, கண்ணு செவந்திருக்கு? லேப்ல ஏதாவது தெறிச்சிடுச்சா?" ஆமாம் என்றேன்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் மடியில் பாதிப் புட்டியில் இருந்தாள். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. என் சத்தம் கேட்டதும் நிப்பிளைத் துப்பினாள், புட்டியைக் கையால் தள்ளினாள், வாயைப் பிளந்துகொண்டு ஒரே அழுகை.

"கெடுத்துட்டியே, டீச்சர்," என்றார் அவர், அவளை நீட்டியபடி.

ஆமாம், கெடுத்துவிட்டேன். வாங்கிக்கொண்டேன்.