நீங்கள் வாயடைத்துப்போன கேள்வி

அக்கா,

அலமாரியை ஒழித்தபோது பழைய வரைபட மைப்புட்டி ஒன்று கிடைத்தது. மை காய்ந்து கட்டியாகிவிட்டது. ஆனாலும் மூடியைத் திறந்ததும் அதே வாசனை. நீங்கள் முதன்முதலில் எங்கள் ஊருக்கு வந்த அன்று உங்கள் விரல்களில் அந்த மைக்கறை இருந்தது.

நான் பி.யூ.சி. முடித்துவிட்டு வடமதுரைப் பக்கத்தில் எங்கள் வெங்காய வயலில் நின்ற கோடை அது. திண்டுக்கல் பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு மூத்தவர் நீங்கள். சென்னையில் இன்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்தீர்கள். விடுமுறைக்கு வந்தவர், பெண்களுக்கான உதவித்தொகை விண்ணப்பத்தோடு பஸ் ஏறி எங்கள் தோட்டத்துக்கே வந்துவிட்டீர்கள்.

கிணற்றில் நீர் இறைத்துக்கொண்டிருந்த கமலை மாடுகளை நிறுத்திவிட்டு அப்பா வந்தார். "பொம்பளப் புள்ள கரண்டுக் கம்பத்துல ஏறப் போகுதாக்கும்?"

"தேவைன்னா ஏறுவா, ஐயா. அதுக்கு நீங்க இதுல ஒரு கையெழுத்துப் போடணும்."

"எங்க கெணத்துக்கெல்லாம் கரண்டு வருமா, தாயி?"

"இவ படிச்சா இவளே கொண்டாருவா."

அப்பா போய்க் கிணற்றை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து கையெழுத்துப் போட்டார்.

உதவித்தொகை நேர்காணலுக்குத் தயாராகப் பத்து நாள் உங்கள் வீட்டில் தங்கினேன். அரிசி மில்லுக்கு அழைத்துப்போய், மோட்டாரை நிறுத்தச் சொல்லி, "தொட்டுப் பாரு" என்றீர்கள். நேர்காணலுக்கு முந்தைய நாள்தான் யாரிடமும் சொல்லாததைச் சொன்னீர்கள்.

"இதே நேர்காணலுக்கு நானும் போனேன். 'கல்யாணம் ஆனா படிச்சதெல்லாம் அடுப்பங்கரைக்குத்தானே'ன்னு கேட்டுச் சிரிச்சாக. எனக்கு வாயடைச்சுப் போச்சு. உதவித்தொகை கிடைக்கல. ஒன்னையும் கேப்பாக. பதில நீயே யோசிச்சு வச்சுக்க."

கேட்டார்கள். அதே கேள்வி, அதே சிரிப்பு. கேட்டவரை நேராகப் பார்த்துச் சொன்னேன்.

"எங்கம்மா கல்யாணம் ஆகி, நாலு புள்ள பெத்து, இன்னைக்கும் வயல்ல வேலை செய்றாங்க, சார். அவங்கள யாரும் அடுப்பங்கரைக்குப் போகச் சொல்லல. என்னைய மட்டும் ஏன் போகச் சொல்றீங்க?"

அதற்குப் பிறகு அறையில் யாரும் சிரிக்கவில்லை. நடுவில் இருந்த பெரியவர் பேனாவைத் திறந்து ஏதோ எழுதினார்.

வெளியே காத்திருந்த நீங்கள், "கேட்டாகளா?" என்றீர்கள். என் பதிலைச் சொன்னேன். பஸ் நிலையம்வரை சிரித்துக்கொண்டே வந்தீர்கள். கண்ணில் நீர் வழிந்ததையும் பார்த்தேன். உதவித்தொகை எனக்குக் கிடைத்தது.

உங்கள் கல்லூரியிலேயே சேர்ந்தேன். முதல் வருடம் வரைபடத் தேர்வில் தோற்று, ஊருக்குத் திரும்பப் பெட்டி கட்டினேன். நீங்கள் பெட்டியைப் பிரித்துவிட்டு, வரைபடப் பலகையை என் முன்னால் வைத்தீர்கள். மறுமுறை தேறினேன்.

மின்வாரிய வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம் எங்கள் ஊருக்கு மின்கம்பி இழுக்கும் பொறுப்பு என்னிடமே வந்தது. பம்பு செட்டை ஓட்டும் நாளில் அப்பா உங்களை வரவழைத்தார். "தாயி, சுவிட்ச நீ போடு" என்றார். "ஒங்க மக கொண்டாந்த கரண்டு, ஐயா. நீங்களே போடுங்க" என்றீர்கள். குழாயிலிருந்து தண்ணீர் குபுகுபுவென்று பாய்ந்து வாய்க்காலை நிறைத்தது. அப்பா வேட்டி நனைய அதிலேயே நின்றார்.

நீங்கள் மறைந்து ஒரு வருடம் ஆகிறது. நேர்காணலுக்குப் போகும் பெண்கள் இப்போது என்னிடம் வருகிறார்கள். என் பதவிகளைப் பற்றிப் பேசுவதில்லை; தேர்வில் தோற்றதைத்தான் முதலில் சொல்கிறேன். கேட்டதும் நிமிர்ந்து உட்காருகிறார்கள். போன மாதம் சாணார்பட்டிப் பெண் ஒருத்தி உதவித்தொகை வாங்கிவிட்டாள். அடுத்த வாரமே தன் ஊர்ப் பெண்கள் இருவரை வீட்டுக்கு அழைத்துவந்தாள். நான் வாய் திறக்கும் முன்பே, தான் எந்த இடத்தில் தடுமாறினாள் என்று அவர்களுக்குச் சொல்லத் தொடங்கிவிட்டாள்.

நான் எழுந்து அவர்களுக்குக் காபி போடப் போனேன், அக்கா.