மருந்தாளுநர் சங்கத்துக்கு நான் பேசிய போன்

காமயகவுண்டன்பட்டி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் யுவராணிக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் சுகமாக இருக்கிறோம், நீயும் சென்னையில் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும். நான் சுகம் என்று எழுத முடிவதற்குக் காரணமே நீதான், அதைப் போனில் சொல்ல எனக்கு முகமில்லை என்பதால்தான் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டு மாதப் பயிற்சிக்கு உன்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பாமல் மருந்தாளுநர் சங்கத்துக்கு அனுப்புகிறார்கள் என்று நீ சொன்ன அன்று நான் குதித்த குதி உனக்கு நினைவிருக்கும். "சங்கத்துல போயி என்னத்தப் படிக்கப் போற, கொடி புடிக்கவா" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த சங்கம் ஒன்றுதான், நம் பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரர்கள் சேர்ந்து நடத்தியது, அதில் மூன்று வருடம் செயலாளராக இருந்து நான் செய்த ஒரே காரியம் கூட்டத்துக்கு வடை எத்தனை வேண்டும் என்று கடைக்குச் சொல்லிவிட்டதுதான். அந்தப் படியைக் கொண்டு உன் சங்கத்தையும் அளந்துவிட்டேன். ஊரில் கேட்டவர்களிடமெல்லாம் மகள் பெரிய ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுக்கிறாள் என்று அடித்துவிட்டேன். இரண்டு பேர் அங்கே ஒரு டோக்கன் வாங்கித் தரச் சொல்லிக் கேட்டார்கள், அதிலிருந்து அவர்களைக் கண்டால் வேறு தெருவில் திரும்பிவிடுகிறேன்.

போன மாதம் குமுளிக்குப் போனபோது பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது என்று அங்கேயே வாங்கினேன். மருந்து அதேதான், கம்பெனிதான் வேறு என்று கடைக்காரர் சொல்லியிருப்பார் போல, நான் பக்கத்தில் ஒருவரிடம் தேங்காய் விலை பேசிக்கொண்டிருந்தேன், காதில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்தால் அலமாரியில் பழைய அட்டை மூன்று கிடக்கிறது. பேர் வேறு, நிறம் வேறு, சரி, ஒன்று பிரஷருக்கு, மற்றது அதற்குத் துணை மருந்து என்று நானே தீர்மானித்துப் பதினைந்து நாள் இரண்டையும் சேர்த்து விழுங்கினேன். ஒருநாள் தோட்டத்துக் கிணற்று மேட்டில் கண் இருட்டி மோட்டார் ரூம் கதவைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டேன். வெயில் என்று நினைத்துக்கொண்டு அம்மாவிடம் மூச்சு விடவில்லை. மருந்தைப் பற்றிச் சந்தேகம் கேட்க உங்கள் சங்கத்தில் ஒரு போன் நம்பர் இருக்கிறது, பயிற்சிக்கு வந்தவர்களும் பேசுகிறோம் என்று நீ அம்மாவிடம் சொல்லியிருந்தாய் அல்லவா, அப்படி என்னதான் பேசுகிறார்கள் பார்ப்போம் என்று புத்தி போனது. என் நம்பர் உனக்குத் தெரியும் என்று பக்கத்துத் தோட்டத்துப் பொன்னுராஜின் போனை வாங்கி, அவன் பேரையே என் பேராகச் சொல்லி, வாயில் துண்டை வைத்துக்கொண்டு பேசினேன். ஐம்பத்தாறு வயதில் செய்கிற வேலையா இது. எடுத்தது நீ.

"சொல்லுங்க சார்" என்றாய். பெற்ற பிள்ளை சார் என்றதும் பதறி, மாத்திரைக் கதையையும் தலைசுற்றலையும் துண்டுக்குள்ளேயே முனகினேன். "வாயில ஏதாவது இருந்தா எடுத்துட்டுப் பேசுங்க சார், மருந்துப் பேர் தப்பாக் கேட்டா ஆபத்து" என்றாய், துண்டு தானாகக் கீழே விழுந்தது. இரண்டு அட்டையிலும் பேருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருப்பதைப் படிக்கச் சொன்னாய். கண்ணாடி இல்லாமல் நான் எழுத்துக்கூட்டித் தடுமாற, கரண்ட் பில்லைப் படிக்கும்போதே "குடுப்பா" என்று பிடுங்குகிற நீ, கடைசி எழுத்து வரை பொறுமையாகக் காத்திருந்தாய். பிறகு பக்கத்தில் இருந்த பெரியவர்களிடம் கேட்டு வந்து, இரண்டும் ஒரே மருந்துதான் என்றும், "இன்னைக்கு இனிமே மாத்திரை போடாதீக, ரெண்டு அட்டையையும் எடுத்துக்கிட்டு இப்பவே டாக்டரைப் பாருங்க" என்றும் சொன்னாய். அந்தப் 'போடாதீக' மட்டும் நம் ஊர்ப் பேச்சாக வந்து விழுந்தது. என்னைத் தெரிந்துதான் சொன்னாயா, யாரோ நம் பக்கத்து ஆள் என்று சொன்னாயா, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

போனேனா என்றால் போகவில்லை. மாட்டிக்கொள்ளவில்லை என்ற நிம்மதியில் மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டுப் படுத்துவிட்டேன். மறுநாள் காலையில் உங்கள் ஆபீஸிலிருந்து யாரோ அந்த நம்பருக்கே பேசி, "பொன்னுராஜ் சார், டாக்டரைப் பாத்தீங்களா, தலைசுற்றல் எப்படி இருக்கு" என்று விசாரிக்க, எடுத்தவன் அசல் பொன்னுராஜ். அவனுக்கு அப்போதுதான் தலை சுற்ற ஆரம்பித்திருக்கிறது. கம்பத்து ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டவன் வழியில் நம் வாசலில் நின்று, "அண்ணே, எனக்கு என்னமோ சீக்குன்னு மெட்ராஸ்ல பேசிக்கிறாக, எங்கிட்ட மட்டும் ஒருத்தரும் சொல்லல" என்று கண் கலங்கினான். நான் முழித்த முழியிலேயே உன் அம்மாவுக்கு எல்லாம் புரிந்துபோனது. "ஆருகிட்ட நடிக்கிறீக, அட்டையை எடுங்க" என்றாள். மூன்று பேருமாக டவுன் பஸ்சில் போனோம். பொன்னுராஜுக்கு எல்லாம் சரியாக இருந்தது, எனக்குத்தான் பிரஷர் தொண்ணூறுக்கும் கீழே. இன்னும் சில நாள் இப்படியே போட்டிருந்தால் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருக்க மாட்டீர்கள், உள்ளே விழுந்திருப்பீர்கள் என்று டாக்டர் சொன்னார், உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அப்புறம் விடவே இல்லை. யார் சொல்லி வந்தீர்கள் என்று கேட்டார். "எம் மக சொன்னா, மருந்தாளுநர் சங்கத்துல இருக்கா" என்றேன், வெளியே வரிசையில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி. டோக்கன் கேட்டவர்களில் ஒருவரும் அங்கே இருந்தார், இருக்கட்டும்.

படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்களாம், மருந்துக்கடை வைக்க நான் கூடலூரில் பார்த்து வைத்த இடத்தை நினைத்து என்னிடம் சொல்லப் பயந்தாயாம். அம்மா சொன்னாள். நேற்றுப் போய் அந்த இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அங்கே கோழிக்கடை வரப் போகிறது. நீ எங்கே இருக்க வேண்டும் என்பதை நீயே முடிவு செய், உன் அப்பனுக்குப் பயப்படாதே. பயிற்சி அறிக்கையைக் கடைசி நாள் வரை இழுக்காதே, தலைக்கு எண்ணெய் வை. சுருளி வேலப்பர் உனக்கு என்றும் துணை இருப்பார். திராட்சை வெட்டு முடிந்ததும் நானும் அம்மாவும் அங்கே வருகிறோம், உங்கள் சங்கத்துப் பெயர்ப்பலகைக்குக் கீழே நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும், முன்கூட்டியே அனுமதி கேட்டு வை.

உன் நன்மையையே நினைத்திருக்கும் அப்பா,
சுருளியாண்டி.