எவரிஸ்தோவின் கைராசி

அன்பு ஒப்துலியா,

நீயும் குழந்தைகளும் சுகம்தானே? இந்த விஸ்கான்சின் குளிரிலும் எனக்கு ஒரு குறையுமில்லை.

இங்கே மாட்டுப் பண்ணையில் என்னோடு வேலை செய்யும் நம்மூர் எவரிஸ்தோ சினை ஊசி போட்டால் மாடு உடனே சினை பிடிக்கும். முதலாளி அவன் கைராசியைப் புகழும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது. பிறகுதான் கவனித்தேன். கத்தி, துள்ளி, பருவத்தை நன்றாகக் காட்டும் மாடுகளில்தான் சினை எளிதில் நிற்கிறது. அவற்றையெல்லாம் அவன் எடுத்துக்கொண்டு, மந்தமானவற்றை எனக்குத் தள்ளியிருக்கிறான்.

"ஏன்டா இப்படி?" என்றேன்.

"பொண்டாட்டிய நினைச்சுக்கிட்டுப் படுத்தே கிடந்தா மிச்சம்தான்டா கிடைக்கும்!" என்று சிரித்தான்.

இப்போது நான் முந்திக்கொள்கிறேன். என் மாடுகளும் சினை பிடிக்கின்றன. அவன் முகம் சுருங்கியதில் எனக்குப் பரம திருப்தி.

கிறிஸ்துமஸுக்கு அவன் ஊருக்கு வருகிறான். காய்ந்த மிளகாய் கொடுத்தனுப்பு. உன் படம் ஒன்றையும் உறையிலிட்டு, நன்றாக ஒட்டிக் கொடு. வாசலிலேயே கொடுத்துவிடு, காபிக்கு உள்ளே கூப்பிடாதே.

கறவைக்கு அழைக்கிறார்கள், ஓடுகிறேன்.

உன் ரொகேலியோ