எங்கட ஆள் எண்டு எழுதித் தாங்கோ

பாசமும் பிடிவாதமும் சரிக்குச் சரியாய் இருந்த என் அண்ணாவுக்கு,

எட்டு மாதமாய் உங்களோடு மனதுக்குள்தான் கதைக்கிறேன். இன்றைக்கு எழுதித்தான் ஆகவேண்டும். அம்மா என்னோடு கோபம். நீங்கள் இருந்தால் இடையில் நின்று சமாளித்திருப்பீர்கள்.

நான் இரத்தம் எடுக்கும் வேலை செய்த வெள்ளவத்தைக் கிளினிக்கை மூடிவிட்டார்கள். போன கிழமை ஒரு பெரிய லேப்பில் கூப்பிட்டார்கள். வீடு வீடாய்ப் போய் இரத்தம் எடுக்கவேண்டும். காலை ஆறு மணிக்கு நிற்கவேண்டும், அவர்களுடைய சீருடை, அவர்கள் சொல்லும் வீடு. சம்பளமும் பழையதைவிடக் கூட. அம்மா உடனே பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டா.

ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்தில் இருந்தது அந்த வரி. நான் சுயதொழில் செய்பவளாம், அவர்களுடைய ஊழியர் இல்லையாம். வாசித்ததும் பேனையை மூடி வைத்துவிட்டேன்.

உங்கள் மரண அறிவித்தலில் நான் பெருமையாய்ப் போட்டிருந்தேன், தண்ணீர் ஃபில்டர் கொம்பனி ஊழியர் என்று. ஐந்து வருடம் அவர்களுடைய பெயர் அடித்த சேர்ட்டைப் போட்டுக்கொண்டு தெமட்டகொடை, கொலன்னாவை எல்லாம் ஓடி ஃபில்டர் பூட்டியவரை வேறென்னவென்று போடுவது? செத்தவீடு முடிந்த மூன்றாம் நாள் அங்கிருந்து ஒருவர் ஃபோன் எடுத்தார். "குறை நினைக்காதேங்கோ தங்கச்சி. அவர் எங்கட ஊழியர் இல்லை, சுயமாச் செய்தவர். முப்பத்தோராம் நாள் குடுக்கிற அந்தியேட்டிப் புத்தகத்தில அப்பிடிப் போடாதேங்கோ."

"அப்ப என்ர பிள்ளை ஆரின்ர ஆள்?" என்று அம்மா கேட்டா. ஊருக்கெல்லாம் வாய் காட்டுகிற நான் 'ஊழியர்' என்ற வரியை என் கையாலேயே வெட்டி அச்சகத்துக்கு அனுப்பினேன். வெட்கமாயிருக்கிறது அண்ணா. மன்னிப்பீர்களா?

லேப் மனேஜர் நல்ல மனுஷிதான், தேத்தண்ணீரும் தந்தா. நான் கேட்டேன்: "மிஸ், சுயதொழில் எண்டா எனக்கு ஏலாத நாளில என்ர கூட்டாளியை அனுப்பலாமோ?"

"ஐயோ, அதெப்பிடி? எங்கட ஆள்தானே போகவேணும்!"

"அப்ப எங்கட ஆள் எண்டே எழுதித் தாங்கோவன்."

சிரித்தா. நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திவிட்டா. "இப்ப எல்லா இடமும் இப்பிடித்தான் பிள்ளை. யோசிச்சுச் சொல்லுங்கோ."

இரண்டு நாள் யோசித்தேன். கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன லேப்பிலும் கேட்டிருந்தேன். சம்பளம் குறைவு, பஸ்ஸில் நெரிபட்டுப் போகவேண்டும். ஆனால் நியமனக் கடிதம் உண்டு, ஈ.பி.எஃப். சேமலாபம் உண்டு, லீவு உண்டு. அங்கேதான் ஓம் சொல்லிவிட்டு வந்தேன்.

"வீட்டு வாடகையை உந்தக் கடிதத்தாலயோ கட்டப்போறாய்?" என்று அம்மா கத்தினா. அவ சொல்வதிலும் பிழையில்லை. மாதக் கடைசியில் என்ன செய்வேனோ, சத்தியமாய்த் தெரியாது. நீங்கள் என்றால் பெரிய லேப்பிலேயே கையெழுத்து வைத்திருப்பீர்கள். எங்கள் இரண்டு பேருக்காகவும் முன்பு அப்படியொரு ஒப்பந்தத்தில் வைத்தீர்கள்தானே?

டெங்குக் காய்ச்சலோடு மூன்று நாள் ஃபில்டர் பூட்டப் போனீர்கள். "படுங்கோவன் அண்ணா" என்றேன். "படுத்தா இண்டைக்குச் சல்லி இல்லையடி" என்றீர்கள். நாலாம் நாள் உங்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

திங்கட்கிழமை வேலை தொடங்குகிறேன். உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். எனக்குக் காய்ச்சல் வந்தால் லீவு போட்டுவிட்டுப் படுப்பேன். அம்மாவுக்கு இனி வேறு பிள்ளை இல்லை, அண்ணா.

உங்கள் கூடப்பிறந்தவள்,
சுதா