அத்தையின் பழுது

என் செல்ல மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், நீயும் அங்கே அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். போன வாரம் எழுதியிருந்தால் இந்த முதல் வரியையே எழுதியிருக்க முடியாது. போனில் சொல்லலாம்தான், ஆனால் உன் அத்தை பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

சர்க்கரை நோய் நம் குடும்பத்தில் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை, நாளெல்லாம் பேக்கரியில் நின்று கேக்கின் ஓரங்களை வெட்டி வெட்டி வாயில் போட்டுக்கொள்ளும் என் அக்காவை மட்டும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, அது ஏன் என்று பார்க்கத்தானே உங்கள் ஆராய்ச்சிக்கு எங்கள் எல்லோருடைய ரத்தத்தையும் வாங்கினாய். முடிவு வந்ததும் இங்குள்ள டாக்டரம்மா அவளுக்குப் போன் செய்து, "உங்க மரபணுல ஒண்ணு வேலை செய்யலைம்மா" என்று ஆரம்பித்திருக்கிறார். அந்த அவசரக்குடுக்கை மீதியைக் கேட்காமலே வைத்துவிட்டாள். அன்றோடு அடுப்பை அணைத்துவிட்டு வெள்ளரிக்காயும் வெந்நீருமாகக் கிடந்தாள், டாக்டரம்மா திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் எடுக்கவில்லை. கடைச் சாவியை என் கையில் திணித்து, "எனக்கப்புறம் அந்த அடுப்பை மட்டும் வித்துடாதேடா தம்பி" என்றாள். தையல் மிஷினில் உட்கார்ந்தால் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை, ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்துவிட்டேன்.

நல்லவேளை நீ கூப்பிட்டாய். அந்தப் பழுதுதான் அவளைக் காப்பாற்றுகிறது, மற்றவர்கள் உடம்பிலும் அந்த மரபணுவை மட்டும் அடக்கி வைக்க ஒரு மருந்து செய்ய முடியுமா என்றுதான் தேடுகிறீர்கள் என்று நீ பொறுமையாகச் சொன்னதும் அழுதாள், சிரித்தாள், நேராகப் போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. இப்போது கேக் வாங்க வருபவர்களிடமெல்லாம், "நான் சாதாரணப் பழுதில்ல, ஊருக்கு உதவுற பழுது" என்று ஒரே அலட்டல், தாங்கவில்லை.

ஒரே வயிற்றில்தான் பிறந்தோம். எனக்கு அந்த மரபணு ஒழுங்காக வேலை செய்கிறதாம், அதனால் மாத்திரை விழுங்குகிறேன்! மருந்து வர வருஷக்கணக்காகும், வராமலே போனாலும் போகும் என்றாய், பரவாயில்லை. நேரத்துக்குச் சாப்பிடு, லேபிலேயே தூங்கிவிடாதே, உன் சர்க்கரையையும் மறக்காமல் பார்த்துக்கொள். என்னால் முடிந்ததையெல்லாம் உனக்குக் கொடுத்தேன், அந்த ஒரு பழுதைத்தான் கொடுக்க முடியவில்லை கண்ணே. அதை நீயே செய்துகொள்.

நீண்ட ஆயுளோடு நன்றாக இரு.

உன் அப்பா