கண்ணாடியில் ஒட்டிய செதில்

அக்கா,

போன செவ்வாய்க்கிழமை உங்கள் தங்கை மகள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். நீங்கள் காய்ச்சலில் படுத்து ஒன்பதாம் நாள் போய்விட்டீர்கள் என்றாள். எல்லாக் காரியமும் முடிந்த பிறகுதான் வந்திருக்கிறாள். "பெரியம்மா ஒங்ககிட்ட சொல்லிடச் சொன்னுச்சு" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று கிளம்பிவிட்டாள். அவள் போன பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து அந்தக் கைக்கண்ணாடியை எடுத்தேன். ரோஸ் நிற பிளாஸ்டிக் சட்டம், பிடியில் ஒரு விரிசல். சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் உங்கள் மீன் செதில் ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நகத்தால் நெம்பிப் பார்த்தேன், வரவில்லை. விட்டுவிட்டேன்.

முதன்முதலில் நீங்கள் வந்தது எழுபதுகளின் கடைசியில், ஒரு புதன்கிழமை. மனநல டாக்டர் புதுச்சேரியிலிருந்து வாரம் ஒருமுறை வந்துபோவார். மற்ற நாட்களில், மருந்துக் கிடங்குக்குப் பின்னால் இருந்த அறையில், நோயாளிகளிடம் உட்கார்ந்து பேசுவதற்கென்று நான் ஒருத்திதான். நான் டாக்டர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் நீங்கள் டாக்டரம்மா என்றுதான் கூப்பிட்டீர்கள். உங்களுக்குத் தாடை இறுகிப்போயிருந்தது. வாய் ஒரு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. பல் டாக்டர் பார்த்துவிட்டுப் பல்லில் ஒன்றும் இல்லை என்று என்னிடம் தள்ளிவிட்டிருந்தார். மண்டபத்தூரிலிருந்து சுமந்துவந்த மீன் கூடையை வாசலில் இறக்கிவிட்டு, தலையில் கனகாம்பரமும் நெற்றியில் பெரிய பொட்டுமாக என் எதிரில் உட்கார்ந்தீர்கள்.

"வூட்டுக்காரரு கட்டுமரத்துல போனாரு, டாக்டரம்மா. புயல்ல மாட்டிக்கிட்டாரு. பதினாலு மாசமாச்சு, ஒடம்பு கெடைக்கல" என்றீர்கள். சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. படிப்பை முடித்து வந்த புதிது. பாடத்தில் படித்தது அப்படியே எதிரில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்தேன். உள்ளே துக்கம், முகத்தில் சிரிப்பு. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் தாடை தானாகத் திறந்துவிடும். அன்றைக்கே உங்கள் அட்டையில் அதை எழுதியும்விட்டேன். புருவத்துக்கு மேல் இருந்த தழும்பைக் காட்டி அது என்ன என்று கேட்டேன். "தொடுப்பு பட்டுச்சு" என்றீர்கள். கட்டுமரத் துடுப்பு பட்ட காயம் என்று அதையும் எழுதினேன். உங்கள் ஊரில் பெண்கள் கட்டுமரத்தில் ஏறுவதில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதினேன்.

கடலுக்குப் போனவன் வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கக் கூடாது என்பது உங்கள் குடும்பத்து வழக்கம். உடம்பு கரை ஒதுங்காதவரை அவன் இறந்தவன் இல்லை. பெண்டாட்டி பூவும் பொட்டுமாகத்தான் இருக்க வேண்டும். உங்கள் மாமியார் தினமும் மகனுக்குச் சோறு போட்டு மூடிவைப்பார் என்றும், மறுநாள் காலையில் அந்தப் பழைய சோற்றை நீங்கள்தான் சாப்பிடுவீர்கள் என்றும் சொன்னீர்கள். அந்த வழக்கம்தான் உங்கள் வாயைக் கட்டிப்போட்டிருக்கிறது, கட்டை அவிழ்க்கப் போகிறவள் நான் என்று எனக்கு ஒரே பெருமை. இப்போது நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது.

கண்ணாடியை நீட்டினேன். மீன் பட்ட கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினீர்கள். "உள்ள என்ன இருக்கோ அது மூஞ்சியில தெரியணும்க்கா" என்றேன். அப்புறம் வாராவாரம் அதே கதை. அவரைப் பற்றிச் சொல்லுங்கள், கடைசியாக அவர் கிளம்பிய காலையைச் சொல்லுங்கள், சொல்லிக்கொண்டே கண்ணாடியைப் பாருங்கள். நீங்கள் சொல்ல ஆரம்பிப்பீர்கள். உதட்டோரம் சிரிப்பு எட்டிப்பார்க்கும். சட்டென்று கண்ணாடியைக் கவிழ்த்துவிடுவீர்கள்.

"அழுவணுமா, டாக்டரம்மா?" என்று ஒருநாள் கேட்டீர்கள்.

"அழுதா தப்பே இல்லக்கா" என்றேன். ஏன் அப்படிக் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

ஏழாவது வாரம் அழுதீர்கள். மார்பில் அடித்துக்கொண்டு நன்றாகவே அழுதீர்கள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. டீ வரவழைத்துக் கொடுத்தேன். கோப்பையை உதட்டில் வைத்தபோதும் உங்கள் வாய் அதே ஒரு விரல்தான் திறந்தது. பார்த்தும் பார்க்காதவள் போல இருந்துவிட்டேன். "வீட்லயும் இதே மாதிரி அழுங்க, அடக்காதீங்க" என்று சொல்லி அனுப்பினேன்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் உங்களைக் காணவில்லை. மறுபடி வந்தபோது பூ இல்லை, பொட்டு இல்லை, கழுத்தில் தாலி இல்லை. நான் எதுவும் கேட்பதற்கு முன் நீங்களே சொன்னீர்கள்.

"நீங்க சொன்னீங்கன்னு அன்னிக்கு அடுப்படியில ஒக்காந்து அழுதேன். மாமியா ஓடியாந்து, எம் புள்ள இல்லன்னு ஒனக்குத் தெரிஞ்சிபோச்சாடின்னு கேட்டுச்சு. நான் என்னத்தச் சொல்ல? கட்டுனவளே அழுதுட்டா, அப்பறம் என்ன இருக்குன்னு ஊரே வந்துடுச்சு. கருமாதி முடிஞ்ச அன்னியிலேருந்து அது சோறு எடுத்து வைக்கல. தானும் திங்கல. நாப்பது நாளுகூட தாங்கல, டாக்டரம்மா."

நான் உங்களுக்கு ஆறுதலாக என்னவோ சொல்ல வாயெடுத்தேன். நீங்கள் விடவில்லை.

"அவரு அடிக்கையில குறுக்க வந்து வுழுந்த ஒரே ஆளு அதுதான். இந்தத் தழும்புக்கு மஞ்சப் பத்து போட்டதும் அதுதான். அவரு போனதுக்கு எனக்கு அழுவையே வரல. காலையில முழிச்சா, இன்னிக்கு அடி இல்லன்னு தோணும். சிரிப்பு வந்துரும். மவனக் காணோம்னு தவிக்கிற கெழவி முன்னாடி சிரிச்சிடக் கூடாதுன்னுதான் பல்லக் கடிச்சிக்கிட்டே கெடந்தேன்."

"அப்ப எங்கிட்ட ஏன்க்கா அழுதீங்க?"

"நீங்க அவ்வளவு ஆசப்பட்டீங்களே."

சொல்லி முடித்ததும் மாமியாரை நினைத்து அழ ஆரம்பித்தீர்கள். அப்போதுதான் வாய் முழுதாகத் திறந்தது. கடைவாய்ப் பற்கள் வரை தெரிந்தன. வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்கள் எழுந்து வந்து வாசலில் நின்றுவிட்டார்கள். அழுகைக்கு நடுவிலேயே மேசையிலிருந்த கண்ணாடியை எடுத்து என் பக்கம் திருப்பினீர்கள். "ஒங்க மூஞ்சியப் பாருங்க" என்றீர்கள். பார்த்தேன். தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு இதமாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். நோயாளி முன்னால் எப்படி உட்கார வேண்டும் என்று எனக்குப் பழக்கியிருந்தார்களே, அந்தச் சிரிப்பு. கண்ணாடியை வாங்கிக் கவிழ்த்துவைத்தேன்.

அன்று நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நீங்கள் போன பிறகு அட்டையை எடுத்து 'தாடை திறந்துவிட்டது, நல்ல முன்னேற்றம்' என்று எழுதினேன். பல் டாக்டர்கூடப் பாராட்டினார்.

அதன் பிறகும் எத்தனையோ வருடம் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவந்தீர்கள். நான் வாசலுக்கு வந்தால், "என்ன டாக்டரம்மா, இன்னிக்கு நெசச் சிரிப்பா?" என்று கேட்டு வாய்விட்டுச் சிரிப்பீர்கள். ஊருக்குள் நீங்கள் அப்படிச் சிரிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். மாமியாரைப் பற்றி நீங்களும் பேசவில்லை, நானும் எடுக்கவில்லை. கெளுத்தியா சங்கராவா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இப்போதெல்லாம் என் அறையில் யாராவது சம்பந்தமில்லாமல் சிரித்தால், சிரிப்பை விடுங்கள் என்று நான் சொல்வதில்லை. எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறேன். சிலர் சொல்கிறார்கள். பாதிப் பேர் சொல்வது எனக்குப் பயமாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை உங்கள் தங்கை மகள் செய்தி சொன்னபோது என் முகம் என்ன செய்தது தெரியுமா, அக்கா? தலை ஒரு பக்கம் சாய்ந்தது. அதே இதமான சிரிப்பு வந்தது. அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

இன்று பழைய அட்டைகளைக் கிளறி உங்களுடையதைத் தேடி எடுத்தேன். ஓரம் கரையான் அரித்திருக்கிறது. 'முன்னேற்றம்' என்ற சொல்லை அடித்தேன். அதற்குக் கீழே, 'நான் தவறாகப் புரிந்துகொண்டேன். என் சொல்லைக் கேட்டு இவர் அழுததில் இவருடைய மாமியார் இறந்துபோனார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன்.

சிரிப்பு இல்லை, அக்கா.