பங்கஜத்தின் போட்டோ

மயிலாப்பூர், 1934 மே 10, வியாழன்.

இன்று பெரியப்பாவை அடித்துவிட்டேன். அதில் வருத்தமில்லை.

இராக்கில் நான் வேலை பார்க்கும் பஸ்ராவில் நாலு மாதம் வந்து இருக்கட்டும் என்று, விதவைத் தங்கை பங்கஜத்துக்குப் பாஸ்போர்ட் கேட்டிருந்தேன். முக்காட்டை விலக்கிப் போட்டோ எடுத்தோம். ஒரு பிரதியை அலமாரியில் விட்டுப் போனது என் புத்திகெட்டதனம். அவள் ஒளித்து வளர்த்த முடியைப் பெரியப்பா அதில்தான் பார்த்தார். நான் பாஸ்போர்ட் ஆபீசிலிருந்து திரும்புவதற்குள் நாவிதரை அழைத்து மழிக்க வைத்துவிட்டார்.

"போட்டோல இருக்கறவ இவ இல்லையேடா! இனிமே எப்படிப் போறாள்னு பாக்கறேன்" என்று சிரித்தார். அந்தச் சிரித்த வாயிலேயே குத்தினேன். ரத்தம் என் சட்டையெல்லாம் தெறித்தது. மறுபடி ஓங்கிய கையைப் பங்கஜம்தான் பிடித்தாள். அவள் காதோரம் கத்தி கீறியிருந்தது. அழவில்லை.

"விடுண்ணா. நாளைக்கு இந்தத் தலையோடயே வேற போட்டோ எடுத்துக்கறேன். முக்காடு வேண்டாம்."